அரண்மனைக்காரத் தெருவில் ரொட்டி இல்லை

சென்னை பாரிமுனையில் அரண்மனைக்காரத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மேனியன்காரத் தெரு என்பதுதான் சனங்களின் வாயில் அப்படி ஆகிப்போனது. 1712இல் எழுந்து 1772இல் திரும்பக் கட்டப்பட்ட ஆர்மேனியத் தேவாலயம் இன்னமும் அங்கே நிற்கிறது. உலகின் முதல் ஆர்மேனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்ததும் இதே மதராஸில்தான். நடத்தியவர் ஹாருத்யூன் ஷ்மாவோன்யன் என்ற பாதிரியார்.

ஆலயம் இருக்கிறது, கல்லறைகள் இருக்கின்றன, இதழின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. ரொட்டி மட்டும் இல்லை. இந்தத் தெருவைப் பற்றி நாம் எழுதும் பாரம்பரியக் கட்டுரைகள் மணிக்கூண்டில் தொடங்கிக் கல்லறையில் முடிகின்றன. இங்கே வாழ்ந்தவர்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஆர்மேனியாவின் ரொட்டிக்கு லவாஷ் என்று பெயர். பெரும்பாலும் பெண்கள் கூட்டாகச் செய்வது. ஒருத்தி மாவைத் தேய்ப்பாள். இன்னொருத்தி அதை மெத்தை மாதிரியான ஒன்றின்மேல் இழுத்து விரித்து, தோனிர் என்ற மண் அடுப்பின் உட்சுவரில் அறைந்து ஒட்டுவாள். ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும். காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது, தண்ணீர் தெளித்தால் திரும்ப மெத்தென்று ஆகிவிடும். கல்யாணத்தில் மணமக்களின் தோளில் போடுவதும் இதைத்தான். 2014இல் யுனெஸ்கோ இதை ஆர்மேனியாவின் பெயரில் பட்டியலில் சேர்த்தது. 2016இல் அஜர்பைஜான், ஈரான், துருக்கி உள்ளிட்ட ஐந்து நாடுகள் தங்கள் தட்டை ரொட்டி மரபையும் சேர்க்கவைத்தன. ரொட்டிக்குப் பட்டா போட முடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அரண்மனைக்காரத் தெருவிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் பர்மா பஜார். அந்தப் பக்கத்தில் அத்தோ விற்கிறார்கள். 1960களில் பர்மாவிலிருந்து கையில் எதுவுமில்லாமல் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. அவர்கள் மணிக்கூண்டு கட்டவில்லை, தள்ளுவண்டி போட்டார்கள். பர்மாவையே பார்க்காத வடசென்னைப் பையன்கள் தினமும் வந்து தின்றார்கள். அதனால்தான் அது பிழைத்தது. கட்டிவைத்தவர்களின் பெயர் நின்றது; விற்றுப் பிழைத்தவர்களின் ருசி நின்றது.

இதே கணக்கைக் காரைக்குடிக்குப் போட்டுப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிய எழுத்து எல்லாமே பொருள் பட்டியல்: பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல். முகப்பும் வளவும் பக்கம் பக்கமாக வரும். அடுப்படிக்கு வந்ததும் 'காரசாரமான செட்டிநாட்டுச் சமையல்' என்ற ஒரே வரியோடு கட்டுரை கிளம்பிவிடும். ஆனால் இந்த ஊரின் தோனிர் அந்த அடுப்படிதான். சீருக்கு டின் டின்னாகப் போகிற தேன்குழல், மணகோலம், மாவுருண்டை. சீப்புச் சீடையை எடுத்துக்கொள்ளுங்கள். வரி விழுந்த மாவுத் துண்டை விரலில் சுற்றி, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்க வேண்டும். ஒட்டு சரியாக விழாவிட்டால் எண்ணெயில் பிரிந்துவிடும். அந்த அழுத்தம் எவ்வளவு என்று எந்தச் செய்முறைக் குறிப்பாலும் சொல்ல முடியாது. மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், கோட் பத்திரமாக இருக்கலாம், ஓட்டிக்காட்ட ஆள் வேண்டும்.

இந்த வேலை இன்று காரைக்குடியின் பலகாரக் கடைகளிலும், ஆர்டர் எடுத்துச் செய்கிற வீடுகளிலும் நடக்கிறது. வியாபாரமானதும் கைப்பக்குவம் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது; கிலோ கணக்கு வந்தால் அளவும் அவசரமும் கூடவே வரும். ஆனாலும் வீட்டுக்குள்ளேயே பொத்திவைத்த பக்குவம் அந்த வீட்டோடு பூட்டப்படும். காரைக்குடியில் பூட்டிய வீடுகளுக்குப் பஞ்சமில்லை.

ஆகவே செட்டிநாட்டைப் பற்றி எழுதப் போகிறவர்களிடம் கேட்பது இதுதான். தூண்களை எண்ணியது போதும். இரண்டாங்கட்டைத் தாண்டி உள்ளே போய், மாவு பிசைகிற பெண்களிடம் பேசுங்கள். அடுப்பை எத்தனை மணிக்குப் பற்றவைக்கிறார்கள், ஒரு நாள் கூலி எவ்வளவு, கற்றுக்கொள்ள யாராவது வருகிறார்களா. முதலில் இந்த மூன்றையும் எழுதுங்கள், தேக்கு அதுவரை காத்திருக்கும்.