படம் காட்டியதும் ஏடு சொன்னதும்

பள்ளி மாணவர்க்கான கட்டுரைப் போட்டிகளுக்கு நடுவராக அமர்ந்தோர் ஒன்றை அறிவர். 'நல்ல குடிமகன்' என்று தலைப்புக் கொடுத்தால், ஐம்பது தாள்களிலும் ஒரே காந்தியடிகள் வருவார்; அதே பொன்மொழிகள் அதே வரிசையில் வரும். சில ஆண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்தில் அத்தகைய போட்டியொன்றுக்கு நாமும் நடுவராயிருந்தோம். சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் தன் தந்தை, மழைநாளில் அடைபட்ட ஓடையைத் தாமே குத்திவிட்டதையும், அன்று மாலையே அதே ஓடையில் தான் பழத்தோலை வீசியதையும் ஒரு சிறுவன் எழுதியிருந்தான். எழுத்துப்பிழை மலிந்த அத்தாளை ஒதுக்கிவிட்டு, பொன்மொழித் தாளுக்கு முதற்பரிசு அளித்தோம். அத்தீர்ப்பு பிழையென்று பின்னர் நமக்கு உணர்த்தியது, ஏ. கே. செட்டியாரின் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்னும் நூல்.

கோட்டையூரில் 1911-இல் பிறந்த செட்டியார், 1937 அக்டோபர் 2-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில் இருந்தபோது, காந்தியடிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க எண்ணினார். அப்போது அவருக்கு வயது 25. பெருஞ்செல்வமோ அரசின் துணையோ அவருக்கு இருந்ததில்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்து, பல நாடுகளில் பலர் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடித் தொகுத்தார். அவ்வாறு சேர்ந்த 50,000 அடிச் சுருளிலிருந்து உருவான 12,000 அடித் தமிழ்ப் படம் 1940 ஆகஸ்டில் சென்னையில் திரையேறியது. பல்லாண்டுகள் கழித்து, அத்தேடலின் வரலாற்றைத் தம் 'குமரி மலர்' இதழில் எழுதினார். 2003-இல் ஆ. இரா. வேங்கடாசலபதி அதனை நூலாகப் பதிப்பித்தார்.

படமும் ஏடும் ஒருவர் கையிலிருந்தே நமக்குக் கிடைத்தவை. எனினும் இரண்டும் மாணவன் உள்ளத்தில் ஒரே வேலையைச் செய்வதில்லை. படத்தில் நாம் காண்பது மகாத்மாவை. அவரைக் காணும் மாணவன் கைகூப்புவான். கூப்பிய கைகளால் வேறொன்றும் செய்ய இயலாது. ஏட்டில் நாம் காண்பதோ, கதவு கதவாய்த் தட்டும் ஓர் இளைஞரை. கடிதம் எழுதுகிறார், காத்திருக்கிறார், மறுக்கப்படுகிறார், மறுபடியும் எழுதுகிறார். பொதுக்காரியம் என்பது பெரும்பாலும் இத்தகைய சலிப்பூட்டும் வேலைதான் என்பதை எந்தக் குடிமைப் பாடநூலும் மாணவனுக்குச் சொல்வதில்லை. ஏட்டைப் படிப்பவன், 'இது என்னாலும் ஆகும்' என்று எண்ணத் தொடங்குகின்றான்.

குறையும் உண்டு. தம்மைப் பற்றிப் பேசக் கூசும் இயல்பினர் செட்டியார். அவ்வடக்கம் பயண நூலுக்கு அழகு. ஆனால் மனம் தளர்ந்த தருணங்களைக்கூட ஓரிரு வரிகளில் தாண்டிவிடும்போது, இன்னும் சற்று நின்றிருக்கலாகாதா என்று நமக்குத் தோன்றுகின்றது. இளைய வாசகனுக்குத் தளர்ச்சியும் தெரிய வேண்டுமன்றோ?

இந்நகரத்து மக்களுக்கு ஆவணப்படம் புதிதன்று. கேரளத்தின் பன்னாட்டு ஆவணப்பட, குறும்பட விழா 2008-இல் இங்குதான் தொடங்கிற்று. 2019-இல் ஆனந்த் பட்வர்தனின் 'விவேக்' என்னும் படத்துக்கு நடுவண் அரசு தணிக்கை விலக்கு அளிக்க மறுத்தபோது, உயர்நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அவ்விழாவில் அது காட்டப்பட்டது. ஒரு படத்தைக் காட்டுவதற்காக வழக்காட வேண்டியிருந்தது என்பதே ஒரு குடிமைப் பாடம். அரங்கிற்கு வெளியே நின்ற நம் வீட்டுப் பிள்ளைகளிடம் அதனைச் சொன்னவர் யார்?

படம் காட்டிய பிறகு ஆசிரியர் கேட்கும் கேள்வியில்தான் எல்லாம் கெடுகின்றது. 'இப்படத்தால் நீ அறிந்த நீதி யாது?' என்று கேட்டால், மாணவன் ஆசிரியர் விரும்பும் விடையையே எழுதுவான். 'உன் தெருவில் இதுபோல் எதைக் கண்டாய்? அப்போது நீ எங்கே நின்றாய்?' என்று கேட்டால் பேனா தயங்கும். அத்தயக்கத்துக்குப் பின் வருவதே அவனுடைய எழுத்து. தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். இரண்டும் கலந்த வரிகளைக் கண்டவுடன் சிவப்பு மையை எடுக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. சாலைத் தெருவில் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் பேச்சை அப்படியே கதையாக்கிய ஆ. மாதவன் வாழ்ந்த ஊரில், அப்பழக்கம் நமக்கு எப்படி வந்ததோ!

ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும். அவ்வாறு எழுதப்பட்டதை மேடையில் படிக்கச் செய்யலாகாது. தன் பிழையைத் தாளில் ஒப்புக்கொண்ட பிள்ளையைக் கைதட்டலுக்கு நடுவே நிறுத்தினால், அடுத்த ஆண்டு அவன் கைதட்டலுக்கேற்ற பிழையைத் தேடுவான்.

பழத்தோல் எறிந்த அச்சிறுவனின் தாளை மீண்டும் படிக்க விரும்பினோம். பரிசு பெறாத தாள்களையெல்லாம் அந்த வாரமே கட்டாகக் கட்டிப் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டிருந்தோம். அவன் பெயரும் நமக்கு நினைவில்லை.