133 அடியில் ஒரு பொருளடக்கம்

அரசனுக்குச் சிலை வைக்கலாம், குதிரையோடு. தலைவருக்கு வைக்கலாம், நீட்டிய விரலோடு. ஒரு புத்தகத்துக்கு எப்படி வைப்பது? திருக்குறளுக்குத் தமிழ்நாட்டில் கல்லில் இரண்டு பெரிய விடைகள் இருக்கின்றன. ஒன்று, 1976-ல் திறக்கப்பட்ட சென்னை வள்ளுவர் கோட்டம். இன்னொன்று, 2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்ட கன்னியாகுமரி வள்ளுவர் சிலை. இரண்டையும் வடிவமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி. ஒரே ஆள், ஒரே நூல். ஆனால் விடைகள் இரண்டும் எதிரெதிர்.

முதலில் கன்னியாகுமரி. பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133. குறளின் அதிகாரங்களும் 133. அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம், அதுதான் பீடம். பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25, கூட்டினால் 95. அதுதான் சிலை. வலக்கையின் மூன்று விரல்கள் முப்பாலைக் காட்டுகின்றன.

இதை வெறும் எண் விளையாட்டு என்று தள்ளிவிடுவது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வள்ளுவர் எப்படி இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. இன்று நமக்குப் பழகிப்போன தாடியும் கொண்டையும் ஓவியர் கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த படத்திலிருந்து பரவியவை. ஆளைப் பற்றி ஒன்றுமே தெரியாதபோது, நூலின் அளவையே அவருக்கு உடம்பாகக் கொடுப்பது நேர்மையான யோசனைதான். அதோடு இந்தக் கணக்குக்குள் ஒரு உரையும் இருக்கிறது. பொருளும் இன்பமும் அறத்தின் மேல்தான் நிற்க முடியும் என்று ஸ்தபதி சொல்லிவிடுகிறார். உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் பீடத்தில் வைத்துவிட்டார்.

சிக்கல் எங்கே என்றால், இது கண்ணுக்குத் தெரிகிற உரை இல்லை. படகிலிருந்து பார்ப்பவருக்கு 38-ம் தெரியாது, 95-ம் தெரியாது. பெரிய சிலை ஒன்று தெரியும், அவ்வளவுதான். யாராவது சொன்னால்தான் "ஓ, அப்படியா" என்போம். மீட்டரில் அளந்தால் சுமார் நாற்பதரை. அதோடு அர்த்தம் முழுக்கப் போச்சு. இடுப்பின் அந்த மெல்லிய வளைவுக்கு விளக்கம் வேண்டாம், பார்த்தவுடன் மனதில் பதிகிறது. எண்ணுக்கு வழிகாட்டி வேண்டியிருக்கிறது. சிலை காட்டுவது நூலின் பொருளடக்கத்தை, நூலை அல்ல.

வள்ளுவர் கோட்டம் நேர் எதிர். அங்கே எதையும் குறியீடாக்கவில்லை, 1330 குறளையும் அப்படியே கல்லில் வெட்டிவிட்டார்கள். அறத்துப்பால் கருநிறக் கல்லில், பொருட்பால் வெண்ணிறக் கல்லில், இன்பத்துப்பால் செந்நிறக் கல்லில். பால் மாறினால் நிறம் மாறும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நூல் மூன்று பகுதி என்பது புரிந்துவிடும். கன்னியாகுமரியின் கணக்கு செய்யாததை இந்த நிறம் செய்கிறது.

ஆனால் நின்றுகொண்டே 1330 குறளை யார் படிப்பார்கள்? பத்துப் பத்தாகப் பிரித்துச் சிறு அதிகாரங்களாகத் தந்த நூலை ஒட்டுமொத்தமாகச் சுவரில் ஏற்றினால் அது படிப்பதற்கான இடமாக இருக்காது, பத்திரப்படுத்துவதற்கான இடமாகிவிடும். பள்ளியில் மனப்பாடம் செய்த ஒன்றிரண்டைத் தேடிக் கண்டுபிடித்து, போட்டோ எடுத்துக்கிட்டு நகர்ந்துவிடுவோம். வெளியே நிற்கிற கல்தேர், திருவாரூர்த் தேரை மாதிரியாகக் கொண்டது, அழகானது. அதுவும் நம்மைப் படிக்கச் சொல்லவில்லை, சுற்றி வரச் சொல்கிறது.

ஒரு நினைவுச்சின்னத்துக்கு இந்த அளவுகோல் நியாயமா என்று கேட்கலாம். புத்தகத்துக்கு வைத்த சின்னம் என்றால் நியாயம்தான் என்பது என் கட்சி. மன்னன் சிலையைப் பார்த்து வணங்கினால் சிலையின் வேலை முடிந்தது. புத்தகத்தை வணங்கினால் அதன் வேலை தொடங்கவே இல்லை. கும்பிட்டு ஓரமாக வைத்த நூலுக்கும் படிக்காத நூலுக்கும் என்ன வித்தியாசம்?

இந்த அளவுகோலில் முதலிடம் நான் கல்லுக்குக் கொடுக்க மாட்டேன். அரசுப் பேருந்துக்குள் எழுதியிருக்கும் குறளுக்குக் கொடுப்பேன். ஏழு சீர், கீழே ஒரு வரி உரை. சிற்பி இல்லை, திறப்பு விழா இல்லை, பெயின்ட் உரிந்தும் கிடக்கும். ஆனால் குறளின் அளவு அதற்குத் தெரியும். ஒரே ஒரு குறள். நிற்க இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பவரின் கண்ணுக்கு நேரே. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் அவர் படிக்கிறார். அடுத்த நாள் வேறு வண்டி, வேறு குறள். 'புகழ்' அதிகாரத்திலிருந்து ஒன்று வந்தால் ஒரு நிமிஷம் யோசிக்கவும் செய்வார்.

கன்னியாகுமரி சிலை 2004 சுனாமியில் அசையாமல் நின்றது. கல்லில் அவ்வளவு உறுதி. அந்த உறுதி வள்ளுவர் பெயரைக் காக்கும். குறளைக் காப்பது யாராவது ஒருவர் அதைப் படிப்பதுதான்.