கண்ணால் கேட்கிறவர்கள்

விமர்சனம் என்பது இலக்கியத்துக்கு மட்டும் உரிய காரியம் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. ஒரு நாவலைப் பற்றி நாலு பேர் சண்டை போட்டால் அது விமர்சனம். ஒரு வாத்தியத்தின் மரத்தைப் பற்றி நாலு பேர் சண்டை போட்டால் அது பொழுதுபோகாதவர்கள் வேலை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மின்சார கிதார் பிரியர்கள் புதிது புதிதாக வரும் கிதார்களைப் பற்றிச் சொல்லுகிற அபிப்பிராயங்களைச் சில காலமாக நான் விடாமல் படித்து வருகிறேன். எனக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது, படிக்கத்தான் தெரியும். நம் விமர்சகர்களிடம் உள்ள குணங்களும் கோணல்களும் அத்தனையும் அவர்களிடமும் உண்டு. கூடுதலாக ஒன்றும் உண்டு: தாங்கள் விமர்சிக்கிற பொருளை அவர்கள் தினமும் கையில் எடுக்கிறார்கள்.

அவர்கள் அகராதியில் அடிக்கடி வருகிற வார்த்தை 'சூடு'. மஹாகனி மரத்தில் செய்த கிதாருக்கு நாதத்தில் சூடு உண்டாம். கார்பன் இழையில் செய்ததற்குக் கிடையாதாம். பழைய மரம் 'மூச்சு விடும்', அலுமினியம் 'செத்துக் கிடக்கும்'. இந்த வார்த்தைகளைப் பார்த்ததும் எனக்குப் பழகின வாடை அடித்தது. நாவலில் 'ஜீவன் இல்லை' என்று எழுதிவிட்டு, அது எந்தப் பக்கத்தில் இல்லை என்று சொல்லாமல் போகிற மதிப்புரைகள் நமக்கும் புதிதல்லவே.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வீணையில் கம்பியின் அதிர்வு குடத்துக்குள் புகுந்து நாதமாக வெளிவருகிறது. ஆகவே பலா மரத்தின் முற்றலைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. மின்சார கிதாருக்குக் குடம் தேவையில்லை. கம்பிக்கு அடியில் ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். இரும்புக் கம்பி காந்தத்தின் மேல் அதிரும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கியில் விடுகிறார்கள். காந்தம் மரத்தைக் கேட்பதில்லை, இரும்பைத்தான் கேட்கிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸின் மின்சார மாண்டலினை நாம் வருஷக்கணக்கில் கேட்டோம். அது என்ன மரம் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? மரத்துக்கு வேலையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கம்பி எவ்வளவு நேரம் அதிர்ந்து நிற்கிறது என்பதில் தண்டியின் விறைப்புக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்தச் சிறு பங்கின் மேல் ஒரு மதத்தையே கட்டியிருக்கிறார்கள்.

அந்த மதத்துக்குச் சரித்திரமும் சாட்சி சொல்ல மறுக்கிறது என்பதுதான் வேடிக்கை. கலிபோர்னியாவில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் யோசித்து, 1932இல் ரிக்கன்பாக்கர் கம்பெனியார் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மின்சார கிதாருக்கு 'வாணலி' என்று பட்டப்பெயர். பெயருக்கேற்ப அது அலுமினிய வார்ப்பு. 1935இல் அதே கம்பெனியார் பேக்லைட்டில் ஒன்று செய்தார்கள். ஆக, மின்சார கிதாரின் மூதாதை உலோகம், நெருங்கிய சொந்தங்களில் பிளாஸ்டிக்கும் உண்டு. மரம் மட்டும் பாரம்பரியம் என்று பெயர் எடுத்துக்கொண்டது. இன்று ஒருவர் அலுமினிய கிதார் செய்தால் 'சம்பிரதாய விரோதம்' என்கிறவர்கள், தாத்தாவை வாசலில் நிறுத்திவிட்டுப் பேரனுக்குப் பூரண கும்பம் எடுக்கிறார்கள்.

லெஸ் பால் என்ற வித்வானின் கதை இதைவிட ருசியானது. 1940 வாக்கில் அவர் நாலு அங்குலச் சதுரமான ஒரு மர உத்திரத்தில் கம்பிகளைப் பூட்டி, காந்தத்தைப் பொருத்தி, ஒரு மதுக்கடையில் வாசித்துப் பார்த்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய கிதார் ஒன்றை இரண்டாக அறுத்து, உத்திரத்தின் இரு பக்கமும் இறக்கை மாதிரி ஒட்டிக்கொண்டு போய் வாசித்தார். சபை கொண்டாடியது. கம்பி அதே கம்பி, வாசித்தவரும் அவரே. ஜனங்கள் கண்ணாலும் கேட்கிறார்கள் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டதாக அவர் பின்னாளில் சொல்லி வந்தார்.

பிடில்காரர்கள் விஷயத்தில் இதைப் பரீட்சை செய்தே பார்த்தாயிற்று. 2010இல் இண்டியானாபொலிஸ் நகரத்தில், ஒரு ஹோட்டல் அறையில், 21 வித்வான்களின் கண்ணை மறைத்து மூன்று பழைய பிடில்களும் மூன்று புதியவைகளும் கொடுத்தார்கள். பழையவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரி செய்தவை. பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று அத்தர் தடவினார்களாம்! வீட்டுக்கு எடுத்துப் போகலாமென்றால் எது வேண்டும் என்று கேட்டதற்கு, 13 பேர் புதியதையே சொன்னார்கள். மரமே பாடுகிற பிடிலுக்கு இந்தக் கதி என்றால், காந்தம் பாடுகிற கிதாரைப் பற்றி என்ன சொல்ல?

இத்தனையும் சொன்னபின் கிதார் பிரியர்களைக் கேலி செய்து கட்டுரையை முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. காதின் பெயரால் அவர்கள் சொல்லுவதைத் தள்ளிவிட்டாலும், கையின் பெயரால் சொல்லுவதைத் தள்ள முடியாது.

1974இல் டிராவிஸ் பீன் என்பவர் அலுமினியத் தண்டி வைத்த கிதார்களைக் கொண்டுவந்தார். வாசித்தவர்கள் சொன்ன குறை: குளிர்ந்த அரங்கில் எடுத்தால் கை சில்லிடுகிறது; மேடை விளக்கின் சூட்டில் உலோகம் விரிந்து சுருதி நழுவுகிறது. இது கற்பனை இல்லை, பௌதிகம். நெட் ஸ்டைன்பெர்கர் நாற்காலி மேஜைகளுக்கு உருவம் வகுத்து வந்தவர். 1980 வாக்கில் அவர் கார்பன் இழையும் பிசினும் சேர்த்துத் தலையே இல்லாத ஒரு வாத்தியம் செய்தார். பிரடைகள் அடிப்பக்கத்துக்கு வந்துவிட்டன. படகுத் துடுப்பு என்று சிரித்தார்கள், அதை விடுங்கள். அதற்கு இரண்டு முனையிலும் குமிழ் வைத்த தனிக் கம்பி தேவைப்பட்டது. சிறிய ஊர் ஒன்றில் கச்சேரிக்கு நடுவில் கம்பி அறுந்தால் வேறு கம்பிக்கு எங்கே போவது என்று ஒருவன் கேட்டால், அவன் பழமைவாதியா? ஸ்வீடனில் ஓலா ஸ்ட்ராண்ட்பெர்க் பின்னால் இதே தலையில்லாத கிதாரைச் சாதாரணக் கம்பியே போதும்படி செய்தார். ஏற்றுக்கொண்டார்கள். வெட்டிப்போன தலையை யாரும் தேடவில்லை.

கிப்ஸன் கம்பெனியார் 2015இல் செய்தது வேறு மாதிரி. தானாகவே சுருதி சேர்த்துக்கொள்ளும் இயந்திரத்தைத் தங்கள் கிதார்களில் பெரும்பாலானவற்றில் பொருத்தி, தண்டியை அகலமாக்கி, விலையையும் ஏற்றினார்கள். பிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். மறு வருஷமே கம்பெனி பழைய முறைக் கிதார்களைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2018இல் கம்பெனி திவால் மனு கொடுத்ததற்கும் இதுவே காரணம் என்று சில பிரியர்கள் மார்தட்டுகிறார்கள்; அதற்குப் பெரிய காரணம் வேறு வியாபாரங்களை வாங்கிப் போட்டதில் ஏறிய கடன். ஆனாலும் அந்தக் கோபம் நியாயமானதுதான். இயந்திரம் ஒழுங்காக வேலை செய்ததா என்பது இரண்டாவது கேள்வி. சுருதி சேர்ப்பது வாசிக்கிறவனுடைய முதல் காரியம். கச்சேரிக்கு முன் அவன் தன் வாத்தியத்தோடு பேசுகிற பேச்சு. அதை அவனைக் கேட்காமலே பிடுங்கிக்கொண்டு, அதற்குப் பணமும் கேட்டார்கள்.

அதே கம்பெனி 1958இல் 'வி' எழுத்தைத் தலைகீழாய்ப் பிடித்த மாதிரி ஒரு கிதார் செய்திருக்கிறது. முதல் இரண்டு வருஷங்களில் நூறுகூடப் போகவில்லை. அது கிதாரா, அம்பா என்றார்கள். இன்று அந்த நூறுக்குக் குறைந்த வாத்தியங்களில் ஒன்று கிடைத்தால் வீட்டை விற்று வாங்கத் தயாராயிருக்கிறார்கள். சூட்டுக்கும் மூச்சுக்கும் அவர்கள் காட்டுகிற உதாரணங்களில் அதுவும் ஒன்று. நம் பத்திரிகைகளில் ஒரு காலத்தில் 'புரியவில்லை' என்று தள்ளப்பட்ட கதைகள் இன்று கல்லூரியில் பாடமாக இருப்பதை நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் சில பேருடைய ருசி, நமக்கென்ன என்று இருந்துவிடலாம், மரம் என்ற ஒன்று இல்லாவிட்டால். கிதாரின் விரற்பலகைக்கு அவர்கள் விரும்புவது கருங்காலியும் ஈட்டியும். ஈட்டி என்றால் நம் நீலகிரிப் பக்கத்து ஈட்டிதான். தோதகத்தி என்றும் சொல்லுவோம். அதை வெட்டாமல் காப்பாற்றத் தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. 2011இல் கிப்ஸன் தொழிற்கூடங்களில் அமெரிக்க அதிகாரிகள் சோதனை போட்டு, இந்தியாவிலிருந்து போன பலகைகளைக் கைப்பற்றினார்கள். மடகாஸ்கர் கருங்காலி விஷயத்தில் கம்பெனி 2012இல் 3,00,000 டாலர் அபராதம் கட்டியது. 2017 ஜனவரியிலிருந்து உலக ஒப்பந்தத்தின்படி ஈட்டி இனம் முழுவதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று; இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கொடுத்தார்கள்.

இடைப்பட்ட காலத்தில் பென்டர் கம்பெனி மெக்ஸிகோவில் செய்யும் கிதார்களுக்கு ஈட்டிக்குப் பதில் பாவ் பெர்ரோ என்ற தென்னமெரிக்க மரத்தைப் போட்டது. வழுவழுப்பில் குறையில்லை, உறுதியிலும் குறையில்லை. பிரியர்கள் சொன்ன குறை, நிறம் வெளுப்பு என்பது. சிலர் சாயம் தடவிக் கறுப்பாக்கிக்கொண்டு நிம்மதியடைந்தார்கள். கை ஒன்றும் சொல்லவில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? நிறத்துக்காகவா நூறு வருஷத்து மரத்தை வெட்டிச் சாய்ப்பது? எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற இடம் இது ஒன்றுதான்.

காகிதத்தையும் பிசினையும் சேர்த்து அழுத்திக் கறுப்பாக ஒரு பலகை செய்கிறார்கள். ரிச்லைட் என்று பெயர். கிப்ஸன் கம்பெனி விலை உயர்ந்த கிதார்கள் சிலவற்றிலேயே கருங்காலிக்குப் பதிலாக அதைப் போட்டது. 'இத்தனை பணம் கொடுத்துக் காகிதமா?' என்று கேட்கிறார்கள். காகிதத்தை நம்பியே இத்தனை வருஷம் பிழைத்து வருகிற எனக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது. ரிச்லைட் பலகையில் ஐந்தாறு வருஷம் விரல் தேய வாசித்தவர் யாராவது அதைப் பற்றி எழுதினால் ஆவலோடு படிப்பேன். கடையில் பார்த்தவர்கள் எழுதியது ஏராளமாகப் படித்தாயிற்று.