பைசாவுக்குள் ஒளிந்த பிஸ்கட்

அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் விலை ஏறாது, பாக்கெட்தான் இளைக்கும். உங்களுக்கும் தெரிந்த வித்தைதான்.

மத்திய அரசு 2021-ல் பாக்கெட் பொருள் விதிகளைத் திருத்தியது. பிஸ்கட்டை இன்னின்ன எடையில்தான் விற்கலாம் என்றிருந்த பழைய பட்டியலைத் தூக்கிவிட்டார்கள். பதிலுக்கு, ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் என்ன விலை என்று அச்சிட வேண்டும். வாங்குபவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டுமே!

நல்ல யோசனைதான். கால்குலேட்டரை எடுங்கள். ஐந்து ரூபாய்க்கு 58 கிராம் என்றால், கிராம் 0.09 ரூபாய். 53 கிராமாக இளைத்தாலும் அதே 0.09! இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கச் சொல்கிறது விதி. ஐந்து கிராம் அதில் காணாமல் போய்விடுகிறது. கிலோ கணக்கில் போட்டிருந்தால் 86 ரூபாய் 94 ஆனது பளிச்சென்று தெரிந்திருக்கும்.

விதியை மாற்றும்வரை பாக்கெட்டைத் திருப்பி எடையைப் படியுங்கள். கண்ணாடி அவசியம்.