தாரிணி: உலகைச் சுற்றிய பாய்க்கலம்

பட்டுக் கடைகளும் நகைக் கடைகளும் நெருங்கி நிற்கும் இன்றைய தியாகராய நகர், ஒரு நூற்றாண்டுக்கு முன் ‘லாங் டேங்க்’ என்று வழங்கிய விஸ்தாரமான ஏரியாக இருந்தது என்பதும், அந்த ஏரியில் படகுப் போட்டிகள் நடந்தன என்பதும், இப்பேட்டையில் குடியிருப்போர் பலருக்குப் புதிய செய்தியாகவே இருக்கும். ஏரியைத் தூர்த்து வீடு கட்டிக்கொண்ட நாம், சில மைல் தூரத்திலுள்ள சமுத்திரத்தையும் மாலையில் காற்று வாங்கும் இடமாக மட்டுமே கருதிப் பழகிவிட்டோம். மோட்டார் காரின் குணாதிசயங்களை நுணுக்கமாக விசாரிக்கும் நம்மவர், பாய்க்கலம் ஒன்றைப் பற்றியும் அதன் அளவென்ன, கட்டென்ன, வேகமென்ன, ஆபத்துக் காலத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று விசாரிக்க வேண்டும் என்ற ஆசையால், இந்தியக் கடற்படையின் தாரிணியை இங்கே பரிசீலிக்க எடுத்துக்கொள்கிறேன். கோவாவில் அது துறையில் நின்ற சமயம் அதன் தளத்தில் ஏறி நடக்கவும், கயிறுகளைக் கையில் பற்றிப் பார்க்கவும் எனக்கு வாய்த்தது.

நெதர்லாந்தின் வான் டி ஸ்டாட் நிறுவனம் வரைந்த ‘டோங்கா 56’ என்னும் அமைப்பின்படி, கோவாவின் அக்வேரியஸ் கப்பல் கட்டும் தளத்தில் நிர்மாணிக்கப்பட்டு, 2017 பிப்ரவரியில் கடற்படையில் சேர்க்கப்பட்ட கலம் இது. இதற்கு மூத்ததான மாதேய், இதே அமைப்பில் இதே தளத்தில் உருவாகி, 2009இல் சேவைக்கு வந்தது. இரண்டின் நடத்தையையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த அமைப்பின் யோக்கியதை முழுமையாக விளங்கும்.

தாரிணியின் நீளம் 17 மீட்டர். அகலம் 5 மீட்டர். நீருக்குள் அமிழும் ஆழம் 2.5 மீட்டர்; எடை 23 டன். பாய்மரத்தின் உயரம் 25 மீட்டர். உஸ்மான் சாலையில் எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சியை நிமிர்ந்து பார்ப்பதை ஒத்தது, அதன் அடியில் நின்று நுனியைப் பார்ப்பது. உடற்பகுதி, நடுவில் மரமும் இருபுறமும் கண்ணாடி இழையுமாகச் சேர்த்து இறுக்கிய கட்டுமானமாகும். மரத்தின் லேசான தன்மையும் கண்ணாடி இழையின் உறுதியும் இதில் ஒன்றுகூடுகின்றன. அலை வந்து அறைகையில் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் சக்தியும் குளிரை ஓரளவு தடுக்கும் குணமும், தென் சமுத்திரத்துக்குப் போகும் கலத்துக்கு அத்தியாவசியமான லட்சணங்கள். அடியில் அமைந்த கனத்த ஏராக்கட்டை, காற்று ஒரு புறமாகச் சாய்த்த கலத்தை மீண்டும் நிமிர்த்துகிறது; ஆழம் 2.5 மீட்டராக இருப்பதன் காரணமும் அதுவே.

வேகத்தை எதிர்பார்த்து வருபவர் சற்று நிதானிக்க வேண்டும். நீரைப் பிளந்து செல்லும் கனமான கலம் எதுவும் தன் முன்னால் தானே எழுப்பும் அலைக்குக் கட்டுப்பட்டது. அந்த அலையின் நீளம் கலத்தின் நீர்மட்ட நீளத்தை எட்டியபின், எவ்வளவு காற்று அடித்தாலும் வேகம் எளிதில் கூடாது. தாரிணியின் நீர்மட்ட நீளத்தைச் சுமார் 15 மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், இந்த எல்லை மணிக்கு ஏறத்தாழ 9 கடல் மைல், அதாவது 17 கிலோமீட்டர் அளவில் வந்து நிற்கிறது. அனுபவத்தில் கிடைப்பதோ இதனினும் குறைவே. 2012 நவம்பரில் மும்பையிலிருந்து மாதேயில் தனியாகப் புறப்பட்ட கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, எங்கும் நிற்காமல் சுமார் 23,000 கடல் மைல் கடந்து 2013 மார்ச் இறுதியில் திரும்பினார். ஐந்து மாதமும் இரவு பகலாக மணிக்குச் சராசரி 6 கடல் மைலுக்குச் சற்று மேல். 2024 அக்டோபரில் தாரிணியில் இருவராகப் புறப்பட்ட தில்னா, ரூபா என்னும் கடற்படை அதிகாரிகள், கோவாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் பிரிமேண்டில் வரையிலான முதல் கட்டத்தை 39 நாளில் முடித்தனர். மணிக்குச் சராசரி 5 கடல் மைலை ஒட்டியது. வழியில் பூமத்திய ரேகையைக் கடந்தனர்; அப்பிரதேசத்தில் காற்று ஓய்ந்துவிடும்போது, 23 டன் எடையை அசைக்கப் பாய்களால் எளிதில் முடிவதில்லை. இது இக்கலத்தின் முதல் குறை.

இரண்டாவது குறை, அது மனித உடலிடம் கேட்கும் உழைப்பு. பெரும் பாயை ஏற்றி இறக்குவதும், காற்று வலுக்கும்போது அதன் பரப்பைச் சுருக்குவதும், சுழல் உருளையைக் கையால் சுழற்றிப் பாயின் கயிறான தாமானை இறுக்குவதும், துறையில் அசையாமல் நிற்கும்போதே தோளை நோகச் செய்யும் வேலைகள். ஆடும் தளத்தில், குளிரில், உறக்கமின்றிச் செய்வோரின் தேகபலத்தையும் மனோபலத்தையும் வார்த்தைகளால் அளவிட இயலாது. மூன்றாவதாக, இயந்திர உறுப்புகள் அயராத பராமரிப்பைக் கோருகின்றன. 2017–18இல் ஆறு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றி வந்த யாத்திரையில், சுக்கான் பொறி பழுதடைந்ததால் மொரீஷியஸில் தங்கிச் செப்பனிட வேண்டியதாயிற்று.

இக்குறைகளை ஒரு தட்டிலும், கலத்தின் கட்டுறுதியை மறு தட்டிலும் வைத்தால், கட்டுறுதியே கனக்கிறது. அந்த ஆறு பேரும் 254 நாளில், 21,000 கடல் மைலுக்கு மேல் கடந்து, பசிபிக்கின் பெரும் புயலிலும் கலம் குலையாமல் மீண்டனர். இதே டோமி 2018இல் 32 அடி நீளமுள்ள துரியா என்னும் கலத்தில் உலகைச் சுற்றும் போட்டியில் சென்றபோது, தென் இந்து சமுத்திரப் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகில் பலத்த காயமுற்று, கடலிலேயே மீட்கப்பட்டார். சிறு கலம் உலகைச் சுற்றாது என்று இதற்குப் பொருளல்ல. அவரே பின்னர் ‘பயானத்’ என்னும் 36 அடிக் கலத்தில் சுற்றி, 2023இல் அதே போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். ஆயினும் நீளமும் எடையும் கூடக் கூட, அலையின் அறைதலில் கலம் குறைவாகத் தூக்கியெறியப்படுகிறது. உள்ளே இருப்பவருக்குச் சமைத்து உண்ணவும் உறங்கவும் சற்றேனும் அவகாசம் கிடைக்கிறது. உறங்கியவரே மறுநாள் சரியான முடிவெடுக்கிறார்.

போட்டியில் முந்த விரும்புவோருக்கும், ஆழமற்ற கழிமுகங்களில் உல்லாசமாகப் போய்வர விரும்புவோருக்கும் தாரிணி உகந்ததல்ல. நீண்ட சமுத்திரப் பிரயாணத்துக்கு, தேர்ந்த பயிற்சியுடைய இருவரே செலுத்திப் பத்திரமாக மீளத்தக்க கலம் வேண்டும் என்போருக்கு, இந்திய மண்ணில் கட்டப்பட்ட, இதைவிட அதிகம் பரீட்சிக்கப்பட்ட அமைப்பை நான் அறியேன். தாரிணியை இருவராகச் செலுத்தியவர்களில் ரூபா நம் புதுச்சேரியைச் சேர்ந்தவர் என்பது நமக்குத் தனிப் பெருமை. பாய்க்கலம் பழக நம் பிள்ளைகள் வெகுதூரம் போக வேண்டியதுமில்லை: சென்னைத் துறைமுகத்தில் 1911 முதல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இயங்குகிறது. இந்நகரத்துப் பெண்ணான நேத்ரா குமணன், நான்கு மீட்டர் சிறு கலத்தில் இரண்டு ஒலிம்பிக்கில் போட்டியிட்டிருக்கிறார். ஆகவே தியாகராய நகரத்துப் பெற்றோருக்கு என் விண்ணப்பம் இதுதான்: நீந்தத் தெரிந்த உங்கள் பிள்ளை பாய் பிடிக்க ஆசைப்பட்டால், தயங்காமல் அனுப்பிவையுங்கள்.