மகனின் சாட்சியம்: ‘நாயகன்’ திரைப்படத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

தந்தையின் குற்ற உலகிற்குள் மகன் இழுத்துக்கொள்ளப்படும் கதை திரைக்கலையில் மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. மரியோ பூசோவின் நாவலைத் தழுவி 1972இல் வெளிவந்த ‘காட்ஃபாதர்’ இவ்வகைக் கதைக்கு ஓர் இலக்கணத்தை வகுத்தது. விலகி நிற்க விரும்பிய மகன், தந்தையைக் காக்கும் பொருட்டு ஒருமுறை துப்பாக்கியை எடுக்கிறான். பிறகு தந்தையைவிடக் கொடியவனாகிறான். தமிழில் ‘தேவர் மகன்’ (1992) கிராமத்துப் பகையைக் களமாகக் கொண்டு ஏறத்தாழ இதே வழியில் சென்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1987 தீபாவளியையொட்டி வெளிவந்த மணிரத்னத்தின் ‘நாயகன்’ இந்த இலக்கணத்தை ஏற்றுக்கொண்டே அதனை ஓர் இடத்தில் மீறுகிறது. இங்கே வாரிசு அரியணை ஏறுவதில்லை. மகன் மாண்டுபோகிறான், மகள் வெளியேறிவிடுகிறாள்.

இப்படத்தைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் கமல்ஹாசனின் நடிப்பையும், பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவையும், தோட்டா தரணி எழுப்பிய தாராவியையும் வியந்திருக்கின்றனர். மூவருக்கும் தேசிய விருது கிடைத்ததும் தகுதியானதே. மும்பையில் வாழ்ந்த வரதராஜ முதலியாரின் வாழ்க்கை இப்படத்துக்குத் தூண்டுதலாக இருந்தது என்பதும் பலமுறை பேசப்பட்டுவிட்டது. அதிகம் பேசப்படாத ஒன்றையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. வேலு நாயக்கர் தம் மகனுக்கு விட்டுச்சென்ற சொத்து எது? அச்சொத்து அவருக்கு யாரிடமிருந்து வந்தது?

வேலுவுக்குத் தந்தையர் இருவர். பெற்ற தந்தை தொழிற்சங்கத் தலைவர், காவல்துறையால் தேடப்பட்டவர். சிறுவனை விடுவிப்பதுபோல் நடித்து, அவனைப் பின்தொடர்ந்து சென்று, அவரைச் சுட்டுக் கொல்கிறார்கள். தன்னை அறியாமலேயே தந்தையைக் காட்டிக்கொடுத்துவிட்ட அச்சிறுவன், ஒரு காவலரைக் கொன்றுவிட்டு மும்பைக்கு ஓடிவருகிறான். அங்கே அவனை எடுத்து வளர்ப்பவர் உசேன் பாய். ஐவேளைத் தொழுகையாளி, ஏழை, இரக்கமுள்ளவர். கடத்தல் பொருளைக் கரைசேர்ப்பவரும் அவரே. தொழுகிறீர்கள், இதையும் செய்கிறீர்களே, இது தவறில்லையா என்று சிறுவன் கேட்கும்போது, நான்கு பேர் வயிறு நிறையுமானால் எதுவும் தவறில்லை என்னும் பொருளில் அவர் விடை தருகிறார். பாலகுமாரன் உரையாடல் எழுதிய இப்படத்தில் தமிழ் மக்களின் பேச்சில் நிலைத்துவிட்ட கருத்து இதுதான். வேலு பெற்ற சொத்தும் இதுதான். வீடோ பணமோ அன்று, ஒரு நியாயம்.

முஸ்லிம் வாசகர் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ‘ரோஜா’ (1992), ‘பம்பாய்’ (1995) ஆகிய படங்களில் முஸ்லிம்கள் சித்திரிக்கப்பட்ட விதம் குறித்து நம்மிடையே நீண்ட விவாதங்கள் நடந்துள்ளன. அவற்றோடு ஒப்பிடுகையில் உசேன் பாய் நமக்கு ஆறுதல் தரும் பாத்திரம். அநாதையை அரவணைக்கிறார், காவல்நிலையத்தில் அநியாயமாகக் கொல்லப்படுகிறார், பார்வையாளரின் கண்ணீரைப் பெறுகிறார். ஆனால் ஒரு பாத்திரம் நல்லவராகக் காட்டப்படுகிறாரா, தீயவராகக் காட்டப்படுகிறாரா என்பதோடு நம் விமர்சனம் முடிந்துவிடலாகாது. அவர் வாயிலிருந்து வரும் நியாயம் நம் மரபின் உரைகல்லில் நிற்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

பொதுநலன் என்னும் கருத்து இஸ்லாமியச் சட்டவியலுக்குப் புதிதன்று. ‘மஸ்லஹா’ என்ற பெயரில் அறிஞர்கள் அதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். இமாம் கஸ்ஸாலி (1058–1111) தமது ‘அல்-முஸ்தஸ்ஃபா’வில், நேரடி ஆதாரம் இல்லாத இடத்தில் பொதுநலனை மட்டும் காட்டித் தடையை மீறுவதற்கு மூன்று நிபந்தனைகளை வைக்கிறார். தேவை தவிர்க்க முடியாததாக இருக்க வேண்டும். அச்செயலால் அந்நன்மை கிட்டும் என்பது உறுதியாக இருக்க வேண்டும். நன்மை ஒரு குழுவுக்கு மட்டுமன்றிச் சமுதாயம் முழுமைக்குமானதாக இருக்க வேண்டும். இதை விளக்க அவர் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறார். மூழ்கும் கப்பலில் ஒரு கூட்டத்தார் இருக்கின்றனர். ஒருவரைக் கடலில் எறிந்தால் ஏனையோர் பிழைப்பார்கள். எறியலாமா? கூடாது என்கிறார் இமாம். பிழைப்பவர்கள் எண்ணிக்கையில் மிகுதி என்பதால் ஓர் உயிரை எடுக்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிடுவதில்லை. நான்கு பேருக்கு நன்மை என்னும் கணக்கு, ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே தள்ளுபடி செய்யப்பட்ட கணக்கு.

உசேன் பாயிடம் நாம் நேர்மையாகவும் நடந்துகொள்ள வேண்டும். அவர் கொலைக்காக அந்நியாயத்தைச் சொல்லவில்லை. 1968இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இறக்குமதித் தடைகளும் நிலவிய காலத்தில், சுங்கம் செலுத்தாமல் பொருளைக் கரைசேர்ப்பதை எளிய மக்கள் பெரும் பாவமாகக் கருதியதில்லை. சரக்குக்காகச் சொல்லப்பட்ட சலுகை அது. ஆனால் வேலுவின் கையில் அது வளர்கிறது. வளர்ப்புத் தந்தையின் சாவுக்குக் காரணமான காவல் அதிகாரி கேல்கரை அவர் கொல்லும்போது சரக்குக்கான நியாயம் உயிருக்கும் செல்லுபடியாகிவிடுகிறது. பேட்டை மக்கள் எவரும் சாட்சி சொல்ல முன்வருவதில்லை. அன்று தொடங்கும் அந்த மௌனத்தின் மேல்தான் வேலு நாயக்கரின் செல்வாக்கு முழுவதும் எழுப்பப்படுகிறது.

அதே கொலைக்கு ஒரு மறுபக்கத்தையும் படம் வைத்திருக்கிறது. கேல்கருக்கு மனவளர்ச்சி குன்றிய மகன் ஒருவன் இருப்பதை வேலு அறிகிறார், அக்குடும்பத்தைத் தாங்குகிறார். நான்கு பேர் என்று எண்ணும்போது இந்தச் சிறுவன் எந்த எண்? கொடுப்பதன் மூலம் கொன்றதைச் சமன் செய்ய முயலும் நாயக்கரின் இவ்வுதவி மனத்தை உருக்குவது. ஆனால் நபிமொழித் தொகுப்புகளில் ‘ஸஹீஹ் முஸ்லிம்’ பதிவு செய்துள்ள அறிவிப்பொன்று தொழுகைக்கு வேண்டிய உடல் தூய்மையையும் தர்மத்துக்கு வேண்டிய பொருள் தூய்மையையும் ஒரே மூச்சில் இணைத்துப் பேசுகிறது. உளூ இல்லாத தொழுகையைப் போன்றதே மோசடிப் பொருளின் தர்மமும். தொழுகையை ஒருபுறமும் சம்பாத்தியத்தை மறுபுறமும் வைத்து இரண்டுக்கும் தொடர்பில்லாதது போல வாழ்ந்த உசேன் பாயின் வாழ்க்கையில் விடுபட்டுப்போனது இந்த இணைப்புத்தான்.

இப்போது மகனிடம் வருவோம். தகப்பன் தொழில் பிள்ளைக்கு வருவது நம் ஊர்களில் இயல்பு. திருத்தணிக்கு அப்பால் ஆந்திர எல்லையோரத்துப் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக நெசவு நடந்து வந்திருக்கிறது. நெசவாளர் வீட்டுப் பிள்ளை முதலில் தார் சுற்றுவான், பிறகு தறியில் அமர்வான். அங்கே கைமாறுவது கைப்பழக்கம். அறுந்த இழையைக் கண்டதும் முடிச்சிடத் தெரிந்த விரல். நாயக்கரின் மகன் சூர்யாவுக்கு அத்தகைய பயிற்சி எதுவும் தரப்படவில்லை. தாய் நீலா பகைவர்களால் கொல்லப்பட்டபின், பிள்ளைகள் மும்பையிலிருந்து அகற்றப்பட்டுச் சென்னையில் வளர்கிறார்கள். தந்தை அவனைத் தொழிலுக்குள் அழைக்கவுமில்லை. திரும்பி வந்த மகன் காண்பது, தெருவே எழுந்து வணங்கும் ஒரு மனிதரை. அவனை உள்ளே இழுப்பது அந்த மரியாதை. குற்றத்தின் கைப்பழக்கம் அவனுக்குத் தெரியாது. அதன் கௌரவம் மட்டுமே தெரியும்.

இப்னு கல்தூன் (1332–1406) தமது ‘முகத்திமா’வில் குலப்பெருமை நான்கு தலைமுறைக்கு மேல் நீடிப்பதரிது என்கிறார். கட்டியெழுப்பியவனுக்கு அதற்காகப் பட்ட பாடு தெரியும். அவன் மகன் அதைக் கேட்டறிகிறான், கண்டறிவதில்லை. அடுத்தவன் வெறும் மரபாகப் பின்பற்றுகிறான். அதற்கும் அடுத்தவன், அது பிறப்பால் தனக்கு உரியது என்று எண்ணித் தொலைத்துவிடுகிறான். அரச வம்சங்களுக்குச் சொல்லப்பட்ட இவ்விதி நாயக்கர் வீட்டில் இரண்டாம் தலைமுறையிலேயே நிறைவேறிவிடுகிறது. வேலு வன்முறைக்குள் வந்தது வலியின் வழியாக. சூர்யா வருவது வசதியின் வழியாக.

சூர்யாவின் முடிவை மணிரத்னம் அமைத்திருக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். தந்தைக்கு எதிரான வழக்கில் சாட்சியத்தை ஒழிக்கும் பணியை மேற்கொண்டு, அதன் விளைவாக நேர்ந்த தீயில் அவன் உயிரிழக்கிறான். அறியாமல் தந்தைக்கு எதிரான தடயமாகிப்போன சிறுவனின் கதை, தந்தைக்கு எதிரான தடயத்தை அழிக்கப்போய் அழிந்த மகனின் கதையாக முடிகிறது. திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 135ஆம் வசனம், தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு நம்பிக்கையாளர்களைப் பணிக்கிறது. சூர்யா அவ்வசனத்தின் நேர் எதிர்முனையில் நின்று மாள்கிறான். மகனின் உடலுக்கு முன் நாயக்கர் கதறும் காட்சி நடிப்புக்காகவே போற்றப்பட்டு வந்திருக்கிறது. அதில் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. நான்கு பேரின் பட்டியலில் தம் மகனும் இல்லை என்பதை அவர் அறிந்துகொள்ளும் தருணம் அது.

அவ்வசனத்தின் பக்கம் நிற்பவள் மகள் சாருமதி. தந்தையை நேருக்கு நேர் கேள்வி கேட்டுவிட்டு வீட்டைவிட்டு அவள் வெளியேறுகிறாள். பின்னர் ஒரு காவல் அதிகாரியை மணந்துகொள்கிறாள். இத்தகைய பிள்ளையை நன்றி கெட்டவள் என்று ஒதுக்குவது நம் சமூகத்தின் வழக்கம். நம் மரபு இதை வேறு விதமாகப் பார்க்கக் கற்றுத்தருகிறது. இப்ராஹீம் நபி (அலை) தம் தந்தையின் வழியை மறுத்தவர். ஆயினும் 19ஆம் அத்தியாயத்தில் அவர் தந்தையோடு பேசும் பகுதியில் நான்குமுறை பாசமிக்க விளியாலேயே அவரை அழைக்கிறார். விரட்டப்படும்போதும் ஸலாம் கூறியே பிரிகிறார். 31ஆம் அத்தியாயம் 15ஆம் வசனமும், இறைவனுக்கு இணைவைக்கப் பெற்றோர் வற்புறுத்தினால் கட்டுப்பட வேண்டாம் என்று கூறும் அதே இடத்தில், இவ்வுலகில் அவர்களுடன் நல்ல முறையில் உறவாடுமாறும் பணிக்கிறது. கீழ்ப்படிதலும் பாசமும் ஒன்றல்ல என்பதே இதன் சாரம்.

சாருமதி இந்த நுட்பமான கோட்டில்தான் நிற்கிறாள். பல ஆண்டுகளுக்குப் பின் அவளைத் தேடிவரும் நாயக்கர், பேரனின் பெயரைக் கேட்கிறார். சக்திவேல் என்று விடை வருகிறது. தம்முடைய பெயர். தந்தையின் செயலை மறுத்தவள் தந்தையின் பெயரை மறுக்கவில்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்னும் திருக்குர்ஆனின் கோட்பாடு (6:164) இரு திசையிலும் செயல்படுவது. மகள் தந்தையின் பாவத்தைச் சுமக்கவேண்டியதில்லை. அதைத் துறப்பதற்காக அவருடைய அன்பையும் துறக்கவேண்டியதில்லை.

நாயக்கர் நல்லவரா, கெட்டவரா என்ற வினாவைக் கேட்பவன் அந்தப் பேரன்தான். அவருக்கு விடை தெரியவில்லை. இது படத்தின் மிக நேர்மையான இடம். உசேன் பாயிடம் ஒரு சிறுவன் கேட்டபோது உடனடியாக ஒரு விடை இருந்தது. அவ்விடையைக் கொண்டே ஆயுள் முழுவதையும் நடத்தியவர், இன்னொரு சிறுவன் கேட்கும்போது அதைத் திரும்பச் சொல்ல முடியாமல் நிற்கிறார். சொல்லியிருந்தால் சூர்யாவின் சொத்து இவனுக்கும் வந்திருக்கும். அந்த மௌனத்தில் ஒரு பரம்பரை அறுபடுகிறது.

படத்தின் மீது நமக்குக் குறைகளும் உண்டு. போதிய சாட்சியமின்றி விடுதலையாகி வரும் நாயக்கர், கேல்கரின் மகனாலேயே நீதிமன்றத்துக்கு வெளியே சுடப்படுகிறார். சாட்சியம் தோற்ற இடத்தில் பழிவாங்கலை நீதியாக நிறுத்தும் இம்முடிவு, படம் அதுவரை எழுப்பிய கேள்வியைச் சுருக்கிவிடுகிறது. தந்தையின் துயருக்கு ஒதுக்கிய நேரத்தில் சிறு பகுதியைக்கூட மகளின் வாதத்துக்குப் படம் ஒதுக்கவில்லை. மற்றொரு குறை வரலாறு சார்ந்தது. தாராவியின் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். அங்குள்ள படீ மஸ்ஜித் 1887இல் தோன்றியது. சுண்ணாம்பிலும் துர்நாற்றத்திலும் நின்று உழைத்து, நான்கு பேருக்கு மேலாகவே சோறிட்ட அந்த மனிதர்கள் படத்தில் இல்லை. அவர்கள் இருந்திருந்தால், வேறு வழியில்லை என்னும் உசேன் பாயின் வாதம் அவர் அண்டை வீட்டிலேயே உடைந்திருக்கும்.

பின்வந்த படங்கள் இக்கேள்வியைத் தொடரவில்லை. மணிரத்னத்தின் ‘செக்கச்சிவந்த வானம்’ (2018) மூன்று மகன்களைக் காட்டுகிறது. தந்தையின் நாற்காலி யாருக்கு என்பதே அங்கு வழக்கு. கமல்ஹாசனோடு அவர் மீண்டும் இணைந்த ‘தக் லைஃப்’ (2025) வளர்ப்பு மகனைக் காட்டுகிறது. அங்கும் போட்டி தலைமைக்கே. தந்தை செய்தது சரியா என்று கேட்கும் பிள்ளையின் இடம் சுருங்கிவிட்டது.

திரைக்கு வெளியேயும் அந்த இடம் சுருங்கிக்கொண்டுதான் வருகிறது. பள்ளிவாசல் கட்டட நிதிக்குப் பெருந்தொகை வரும்போது அதன் மூலத்தைக் கேட்கும் வழக்கம் எத்தனை ஜமாஅத்துகளில் இருக்கிறது? வட்டித் தொழிலோ, நில அபகரிப்போ, அநாதைகளின் பங்கை விழுங்கியதோ எல்லோரும் அறிந்த செய்தியாக இருந்தும், கொடையாளரின் பெயர் கல்வெட்டில் ஏறிவிடுகிறது. அதைச் சுட்டிக்காட்டும் மகனை, குடும்ப மானத்தைக் கெடுத்தவன் என்கிறோம். நான்கு பேருக்கு நன்மை என்னும் நியாயத்தை நாம் உசேன் பாயிடமிருந்து திரையில் கேட்பதற்கு முன்பே வீட்டில் கேட்டிருக்கிறோம். நம் பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் எழுதிவைக்கும் சொத்துப் பத்திரத்தில் இந்த நியாயமும் ஒரு சொத்தாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்க்கவேண்டியவர்கள் நாம்தாம். பேரன் கேட்கும்வரை காத்திருந்த நாயக்கருக்கு விடை தேடக் காலம் மிஞ்சவில்லை.