பழைய கான்டினென்டல் ஜிடி: எந்த ஆண்டு வண்டி எண்ணூர் உப்பைத் தாங்கும்?

கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது முகத்துவாரக்குப்பம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம், காற்றில் அனல்மின் நிலையச் சாம்பல், சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள். இங்கே பைக் வாங்குகிறவருக்கு வேகமும் மைலேஜும் இரண்டாவது கேள்விதான். வண்டி உப்பைத் தாங்குமா என்பதே முதல் கேள்வி. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது அதை ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்க வேண்டும்.

இந்தப் பகுதியில் ஸ்போர்ட்ஸ் வண்டி ஆசை உள்ளவர்களின் கண் ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி மேல் விழுவது இயல்பு. 1950களின் நடுவில் திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பைத் தொடங்கிய நிறுவனம் அது. உற்பத்தியின் பெரும்பகுதி ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் போய்விட்டாலும், வடசென்னைக்கு அது இன்றும் நம்ம ஊர் வண்டி. ஜிடி என்ற பெயர் 1960களில் இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலை செய்த 250 சிசி வண்டியிலிருந்து வந்தது. இன்று பழைய சந்தையில் கிடைக்கும் தலைமுறைகளை எண்ணூர் விரைவுச் சாலையிலும் உட்தெருக்களிலும் ஓட்டிப் பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

2013 முதல் 2018 வரை: ஜிடி 535

ஒற்றை சிலிண்டர், 535 சிசி, 29 பிஎச்பி, ஐந்து கியர். பிரிட்டனின் ஹாரிஸ் பெர்ஃபாமன்ஸ் வடிவமைத்த ஃபிரேம், முன்னால் பிரெம்போ பிரேக், பின்னால் பயோலி ஷாக் அப்சார்பர். வளைவில் இதன் நிதானம் அருமை. 184 கிலோ எடை, தெருவுக்குள் திருப்பும்போது கையில் அடங்குகிறது. ஆனால் வேகம் கூடக்கூட அதிர்வு ஹேண்டில்பாரிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும் ஏறுகிறது. கண்ணாடியில் பின்னால் வரும் டிரெய்லர் கலங்கலாகத் தெரிகிறது. இங்கே விற்ற 535-இல் ஏபிஎஸ் கிடையாது. சாம்பலும் மணலும் படிந்த சாலையில் அது பெரிய குறை.

உதிரிபாகமும் யோசிக்க வேண்டிய விஷயம். 535 நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதே இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த கிளாசிக் 500-ம் 2020-இல் நின்றுவிட்டது. தேய்மானப் பொருட்கள் கிடைக்கும். டேங்க், சீட், பக்க பேனல் போன்ற இந்த வண்டிக்கே உரியவற்றுக்குப் புதுப்பேட்டை வரை அலைய நேரிடலாம். இதன் தோற்றத்தில் மனதைப் பறிகொடுத்தவர் மட்டும் வாங்கலாம். தினமும் வேலைக்குப் போகும் வண்டியாக இதைச் சொல்ல மாட்டேன்.

2018 இறுதி முதல் 2020 வரை: ஜிடி 650, பிஎஸ்-4

2018 நவம்பரில் வந்தது; ஆரம்ப ஷோரூம் விலை 2.65 லட்சம். 648 சிசி இரட்டை சிலிண்டர், 47 பிஎச்பி, 52 நியூட்டன் மீட்டர், ஆறு கியர், ஸ்லிப்பர் கிளட்ச், இரு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். 535-இலிருந்து இறங்கி இதில் ஏறினால் அதிர்வு அடங்கிவிட்டதை உடனே உணரலாம். 270 டிகிரி கிராங்க்கும் உள்ளிருக்கும் பேலன்சரும் செய்யும் வேலை அது. கியரைக் குறைக்காமலே லாரியை முந்த முடிகிறது. எடை 198 கிலோ. கழிமுக ஓரத்துக் குறுகிய பாதையில் தள்ளித் திருப்பும்போது அது தெரியும். ஹேண்டில்பார் தாழ்வு, அதனால் டோல்கேட் வரிசையில் ஊர்ந்து போகும்போது மணிக்கட்டு வலிக்கும்.

குறை சக்கரத்தில் இருக்கிறது. ஸ்போக்ஸ் வீல், உள்ளே டியூப். பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். உப்பு முதலில் பிடிப்பதும் ஸ்போக்ஸும் அதன் நிப்பிளும்தான்.

2020 முதல் 2023 வரை: பிஎஸ்-6

ஓட்டுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. புகைக் கட்டுப்பாட்டுக்கான மாற்றங்கள்தான் முக்கியம். சக்தியும் தோற்றமும் ஏறக்குறைய அதே. எனவே பிஎஸ்-6 என்பதற்காக மட்டும் அதிகம் கொடுக்க வேண்டாம். வயது குறைவு என்பதற்குக் கொடுக்கலாம்.

2023 மார்ச்சுக்குப் பின்: அலாய் வீல்

உப்புக் கரைக்காரருக்கு உண்மையான மாற்றம் இப்போதுதான் வந்தது. எல்இடி ஹெட்லைட், புதிய சுவிட்சுகள், யுஎஸ்பி சார்ஜர். ஸ்லிப்ஸ்ட்ரீம் ப்ளூ, அபெக்ஸ் கிரே நிறங்களில் அலாய் வீலும் டியூப்லெஸ் டயரும் வருகின்றன. மற்ற நிறங்களில் ஸ்போக்ஸே தொடர்ந்தது. ஆண்டை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். அலாய் வீலில் துருப்பிடிக்க ஸ்போக்ஸ் இல்லை, கழுவுவதும் எளிது.

உப்பை எங்கே தேடுவது?

2020-இல் ராயல் என்ஃபீல்டு பிரிட்டன், ஐரோப்பா, தென்கொரியாவில் சுமார் 15,200 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஜிடி 650-ம் அதில் உண்டு. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பால் பிரேக் காலிப்பர் அரிக்கப்படலாம் என்பதே காரணம். அங்கே சில மாதம் தூவுகிற உப்பு, நமக்கு வருடம் முழுக்கக் காற்றிலேயே வருகிறது. ஆகவே இங்கே பார்க்கும் எந்த ஜிடியிலும் முதலில் குனிந்து காலிப்பரைப் பாருங்கள். அதில் வெள்ளைப் பூ பூத்திருக்கிறதா? சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றினால் தடையில்லாமல் ஓடுகிறதா? பிரேக்கை அழுத்திவிட்டால் உடனே விடுபடுகிறதா?

அடுத்து முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாய். நகத்தால் தடவினால் சொரசொரப்பு தட்டக் கூடாது. தட்டினால் ஆயில் சீல் கிழிவது நிச்சயம். 650-இல் இன்ஜினுக்கு முன்னால் இருக்கும் ஆயில் கூலரின் மெல்லிய தகடுகள் உதிர்கின்றனவா, சைலன்சரின் அடிப்பக்கமும் ஸ்விங் ஆர்மின் உட்புறமும் எப்படி இருக்கின்றன என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பது தனிக் கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்த வெள்ளமும் இந்தப் பகுதியில் பல வண்டிகளை மூழ்கடித்தன. சீட்டைக் கழற்றி ஃபியூஸ் பெட்டியையும் ஒயர் கனெக்டர்களையும் பாருங்கள். செம்பு பச்சை பூத்திருந்தால், மூலைகளில் வண்டல் படிந்திருந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். இன்ஜின் ஆயில் மோர் நிறத்தில் இருந்தாலும் அப்படியே. ஏர் ஃபில்டர் சாம்பல் அடைத்து இருந்தால் அது சர்வீஸில் தீரும். அலட்சியமாக ஓட்டியிருக்கிறார்கள் என்பதையும் அது காட்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது

போவதற்கு முன்பே இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜின் ஒரே அழுத்தத்தில் பிடிக்க வேண்டும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் பள்ளத்தில் விழுவது போல் தட்டினால் ஸ்டீயரிங் பேரிங் போய்விட்டது. நம் சாலைக் குழிகளில் இது சகஜம். செலவைக் கணக்கிட்டு விலையில் கழியுங்கள். சத்தம் போடும் மாற்று சைலன்சர் இருந்தால் ஒரிஜினலையும் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அபராதம் உங்களைத் தேடி வரும்.

காகிதம்

ஆர்சி-யில் பதிவு தேதியோடு தயாரிப்பு மாதமும் இருக்கும். 2019-இல் செய்த வண்டி 2020-இல் பதிவாகியிருக்கலாம். விலை பேச வேண்டியது தயாரிப்பு மாதத்தை வைத்து. இன்ஜின், சேஸிஸ் எண்களை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். ஈ-சலான் பாக்கி, இன்சூரன்ஸ் ஆகியவற்றை எம்பரிவாகன் செயலியில் பார்க்கலாம். கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கொடுத்தவரின் என்ஓசியும் படிவம் 35-ம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-ம் கையில் வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எதை வாங்கலாம்?

கையில் பணம் இருந்தால் 2023-க்குப் பிந்தைய அலாய் வீல் ஜிடி. இந்தக் காற்றுக்கு அதுவே சரியான வண்டி. பட்ஜெட் குறைவு என்றால், கடலுக்குத் தள்ளி ஓடிய 2019 முதல் 2022 வரையிலான 650-ஐ, சர்வீஸ் சரித்திரத்தோடு தேடுங்கள். கரையோரத்தில் நின்ற மூன்று வயது வண்டியைவிட, கடலுக்குத் தள்ளி ஒழுங்காகப் பராமரித்த ஐந்து வயது வண்டி மேல். ஆண்டு விலையைத்தான் சொல்லும். ஆயுளைச் சொல்வது உப்பு.

வாங்கிய பிறகு வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, செயினுக்கு லூப் அடியுங்கள். ஈர வண்டியை தார்ப்பாயால் மூடாதீர்கள். உப்பும் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். டயர் மாற்றும் போதெல்லாம் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இந்தச் சின்னச் செலவைச் செய்ய மனம் உள்ளவருக்கு ஜிடி 650 கடற்கரையிலும் நெடுநாள் உழைக்கும்.